ஈயக்குண்டும் தூளித்துணியும்

வெள்ளாயி திருகையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

வலது கை கல்லைச் சுற்றியது. இடது கை பிடி பிடியாகத் தானியத்தைப் போட்டது. நீட்டிய காலின் மேல் பிள்ளை குப்புறப் படுத்து, அம்மாவின் கொலுசைக் கடித்துக்கொண்டிருந்தது.

கல் ஒவ்வொரு சுற்றுக்கும் கடக், கடக் என்றது.

"அது ஏன் அப்படிக் கத்துது?" என்று கேட்டான் மாதையன். அவளுடைய புருஷன்.

"அடிக்கல்லுல முளை ஆடுதுங்க. முளை ஆடினா மேக்கல்லு நேரா சுத்தாது. மாவு குருணையா விழுது."

"நான் புது முளை சீவித் தர்றேன்."

"போன தடவையும் சீவிக் குடுத்தீங்க. முதல்ல பெரிசா இருந்துச்சு. அப்புறம் சீவிச் சீவிச் சின்னதாப் போச்சு."



அவன் அப்படிப்பட்ட ஆள். எல்லாம் அளவாக இருக்க வேண்டும் அவனுக்கு. விறகு கூட ஒரே நீளத்தில் வெட்டி அடுக்குவான். களி நேற்று இளகலாக இருந்து இன்று கெட்டியாக இருந்தால், உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பான். திட்ட மாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான்.

குடிசைக் கூரையில் புதிதாக ஒரு ஓட்டை இருந்தது. அது வழியாக வெயில் வந்து, தரையில் வட்டமாக விழுந்தது. பிள்ளை கொலுசை விட்டுவிட்டு அந்த வட்டத்தைப் பிடிக்கப் போனது. பிடித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தது.

வெள்ளாயி சிரிக்கவில்லை.

அந்த ஓட்டை மாதையன் சுட்ட குண்டு போட்ட ஓட்டை.

*

கடுக்காய்ப்பாறை மேட்டில் அவர்களுக்குச் சாமைக்காடு. கதிர் பால் பிடித்து முற்றுகிற நேரம். ஒற்றைப் பன்றி ஒன்று இறங்கி உழுதுபோட்டுக்கொண்டிருந்தது. கதிர் போனால் அந்த வருஷம் சோறு இல்லை. அதனால்தான் காட்டிலேயே குடிசை போட்டுக் காவலுக்கு இருந்தார்கள்.

பன்றி ஒரு பக்கம். குடிசை ஒரு பக்கம். மாதையன் பன்றியைப் பார்த்துத்தான் சுட்டான். குண்டு குடிசைக்குப் போனது.

தூளிக்கு ஒரு சாண் மேலே போனது.

மறுநாள் வெள்ளாயி சொன்னாள்.

"சந்தைக்கு எங்கண்ணன் வருவான். அவனோட நானும் புள்ளையும் அம்மா வீட்டுக்குப் போறோம்."

"கோவமா?"

"கோவம் இல்லீங்க. பயமா இருக்கு."

"திரும்பி எப்ப வருவ?"

அவள் மூட்டை கட்டுவதற்கு ஒரு வேட்டியை எடுத்து உதறினாள். 

*

மலை உச்சிப் பாறையடியில் ஈயச்சாமி இருந்தார்.

முன்பு ஜமீன் வேட்டைக்குக் குண்டு வார்த்துக் கொடுத்தவர். இப்போது சந்தையில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார். மற்ற நேரம் சும்மா இருப்பார். மாதையனைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்தான். இருந்தாலும் சும்மா இருக்கத் தெரிந்தவர் என்று ஜனங்கள் அவரைச் சாமி என்றார்கள். மாதையனும் அப்படியே கூப்பிட்டான்.

"சாமி, நான் வார்க்கிற குண்டெல்லாம் ஒரே அளவு. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் கெடையாது. அப்புறமும் ஏன் குறி தப்புது?"

சாமி கையை நீட்டினார்.

மாதையன் பையை அவிழ்த்துக் குண்டுகளைக் கொட்டினான். சாமி உள்ளங்கையில் அவற்றை உருட்டிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. எப்படி அளந்தே?"

"துளைத்தகடு இருக்குங்க. இரும்புத் தகட்டுல ஒரே ஒரு ஓட்டை. வார்த்த குண்டை அதுல வெச்சுத் தட்டுவேன். கூடுதலா இருக்கிற ஈயம் சீவிக்கிட்டுப் போயிடும். இந்தப் பக்கம் வர்றது எல்லாம் ஒரே மாதிரி வரும்."

"தகடு யாரோடது?"

"சடையனோடதுங்க. நம்ம மலையில அவன் குறி தப்பினதே இல்ல. அவன் கையக் காலப் புடிச்சு வாங்கியாந்தேன்."

"துப்பாக்கி?"

"அது எங்கப்பனோடது."

"வெடிமருந்து கெட்டிச்சிருக்கா?"

"இல்ல சாமி. வெறுங்குழல்."

சாமி ஒரு குண்டை எடுத்துக் குழல் வாயில் போட்டார். துப்பாக்கியை அப்படியும் இப்படியும் சாய்த்தார். குண்டு உள்ளே லொடலொடவென்று ஓடியது. குழலை மாதையனின் காதருகே கொண்டுபோனார்.

"என்னா சொல்லுது?"

"ஆடுது சாமி."

"சடையன் செருப்பு உனக்குச் சேருமா?"

"சேராதுங்க. அவனுக்குச் சின்னக் காலு. பொம்பளக் காலாட்டம்."

சாமி துப்பாக்கியைக் கவிழ்த்தார். குண்டு கையில் விழுந்தது. அதை அவனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"போயிட்டு வா."

*

மாதையன் வீட்டுக்கு வந்து தேன்மெழுகை உருட்டித் தன் குழல் வாயில் அழுத்தி அச்சு எடுத்தான். அதே அளவுக்குப் புதுத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டான். பகல் முழுக்க அரத்தால் ராவினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். மறுபடி ராவுவான்.

வெள்ளாயி அவனைப் பார்த்தாள். பிறகு திருகையின் மேல்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, அடிக்கல்லிலிருந்து ஆடுகிற முளையைப் பிடுங்கினாள். முந்தானை ஓரத்தில் நைந்துபோயிருந்த ஒரு துண்டைக் கிழித்து முளையின் அடியில் சுற்றினாள். திரும்பவும் குழியில் வைத்து உலக்கையால் மெதுவாகத் தட்டினாள்.

கல்லைச் சுற்றினாள். கடக் கடக் நின்றுபோயிருந்தது.

மாதையன் தலை நிமிர்ந்தான்.

"துணியச் சுத்தியா அடிச்ச?"

"ஆமாங்க."

"அது ஒட்டு வேலை. எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"இன்னிக்குக் களி கிண்டணுமில்லீங்களா."

அவன் தகட்டுக்குத் திரும்பினான்.

புதுக் குண்டு குழலின் அளவே இருந்தது. மயிரிழை விலகல் இல்லை. அதனாலேயே உள்ளே போகவில்லை. மாதையன் இடிகம்பியை வைத்துக் கல்லால் அடித்தான். ஒரு அடிக்கு ஒரு விரல் இறங்கியது. அடி விழும்போதெல்லாம் பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அழுதது. வெள்ளாயி அதன் காதைப் பொத்திக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள்.

எதிர்ப் பாறைமேல் ஒரு சுரைக்குடுக்கையை வைத்து, அதைப் பார்த்துச் சுட்டான்.

குடுக்கை அப்படியே இருந்தது. பக்கத்துப் பலாமரத்தின் அடியில் பட்டை தெறித்தது.

மாதையன் மரத்தைக் கத்தியால் குடைந்து குண்டை எடுத்தான்.

*

மறுபடி மேலே ஏறினான். இந்தத் தடவை வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெள்ளாயி களி உருண்டையை வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"குழலுக்குச் சரியாத்தான் சாமி சீவினேன்."

சாமி அந்தக் குண்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் மரத்தில் பட்டு நசுங்கியிருந்தது. மறுபக்கம் கம்பி இடித்த தழும்பு, குழி குழியாக. அதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். விழுந்து வந்த பிள்ளையின் முட்டியைத் தடவுவது போலத் தடவினார். ஊதியும் விட்டார்.

"வலிச்சிருக்கும்" என்றார்.

"யாருக்கு சாமி?"

சாமி குண்டை மறுபக்கம் திருப்பினார்.

"சின்னதா இருந்தா உள்ள ஆடுது. சரியா இருந்தா உள்ள போவேனான்னு நிக்குது. அடிச்சுப் போட்டா நசுங்கிக்கிட்டு எங்கியோ ஓடுது. வெள்ளாயி நாளைக்கு அம்மா வீட்டுக்குப் போறா. நான் என்னதான் பண்றது?"

"தெரியல."

"சாமிக்கே தெரியலைன்னா?"

"ஜமீன்ல துப்பாக்கியும் அச்சும் ஒரே பெட்டியில வரும். ஒண்ணுக்குன்னே ஒண்ணு பண்ணினது. அங்க எனக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்ல." அவர் குண்டைக் கீழே வைத்தார். "அது என்னா இலையில?"

"களிங்க."

"பசிக்குது. குடு."

மாதையனுக்கு எரிச்சலாக வந்தது. நாளைக்குச் சந்தை. நாளைக்கு வெள்ளாயியின் அண்ணன் வந்துவிடுவான். இவர் களி கேட்கிறார்.

சாமி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார்.

"முன்ன ஒரு தடவை உங்க வீட்டுக் களி சாப்பிட்டிருக்கேன். நாக்குல குருணை குருணையா நெருடுச்சு. இப்ப பட்டாட்டம் இருக்கு. என்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. திருகை முளை ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவ ஏதோ துணியக் கிணியச் சுத்தி வெச்சிருக்கா."

சாமி மெல்லுவதை நிறுத்தினார். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

சாமி மேற்கொண்டு ஏதாவது சொல்லுவார் என்று மாதையன் காத்திருந்தான்.

சாமி அடுத்த வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

*

குடிசையில் தூளி கட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. வெள்ளாயி தூளித்துணியைத் துவைத்து, காயவைத்து, மடித்து மூட்டையின் மேலே வைத்திருந்தாள். அது அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின பழைய நூல்புடவை. துவைத்துத் துவைத்து வாழைக்குருத்து போல ஆகியிருந்தது. பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

மாதையன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான்.

"சாமிக்குப் புத்தி கலங்கிப்போச்சு. குண்டப் பத்திக் கேட்டா மாவப் பத்திப் பேசுறாரு."

வெள்ளாயி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

"மாவப் பத்தி என்னா சொன்னாரு?"

"பட்டாட்டம் இருக்குன்னாரு. என்னா பண்ணீங்கன்னு கேட்டாரு. நீ முளைக்குத் துணி சுத்தினேன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. தின்னுட்டுக் கைய நக்கினாரு."

வெள்ளாயி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா என்று மாதையனுக்குத் தெரியவில்லை.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தக் குண்டக் கொஞ்சம் குடுங்க."

"எது? என் தகட்டுல சீவினதா?"

"வேணாம். அது இருக்கட்டும். சடையண்ணன் தகட்டுல சீவினீங்களே, அது."

"அது ஆடும்."

"ஆடட்டும். குடுங்க."

அவன் கொடுத்தான்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மேலே இருந்த தூளித்துணியை எடுத்து ஓரத்தைப் பல்லில் கடித்து, ஒரு இழுப்பில் கிழித்தாள்.

"ஏய். அது புள்ளையோடது."

"தெரியும்."

கிழித்த துண்டை விளக்கெண்ணெயில் நனைத்தாள். அதன் நடுவில் குண்டை வைத்து நான்கு பக்கமும் மடித்தாள். திருநீறு மடித்துக் கொடுக்கிற மாதிரி மடித்து அவனிடம் நீட்டினாள்.

"கல்லால அடிக்காதீங்க. கையால தள்ளிப் பாருங்க."

மாதையன் மருந்தைப் போட்டான். துணியோடு குண்டைக் குழல் வாயில் வைத்தான். கம்பியால் தள்ளினான்.

குண்டு போயிற்று. வழுக்கிக்கொண்டு விழவும் இல்லை, முரண்டு பண்ணவும் இல்லை. மூச்சு இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. அவன் துப்பாக்கியைச் சாய்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

சத்தமே இல்லை.

"புள்ள எந்திரிக்கும். தள்ளிப் போய்ச் சுடுங்க" என்றாள் வெள்ளாயி.

அவன் வெகுதூரம் தள்ளிப் போனான். குடிசை முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றான். பாறைமேல் இருந்த குடுக்கையைப் பார்த்துச் சுட்டான்.

குடுக்கை இருந்த இடத்தில் குடுக்கை இல்லை.

மாதையன் பாறை வரைக்கும் போய்ச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்தான். கொண்டுவந்து வெள்ளாயியின் முன்னால் வைத்தான். 

"நல்ல குடுக்கைங்க அது. தண்ணி மொள்ள ஆகும்னு வெச்சிருந்தேன்" என்றாள் அவள்.

*

விடிகிற நேரத்தில் பன்றி வந்தது.

மாதையன் காவல் பரணைவிட்டு இறங்கி, குடிசை பின்னால் வரும்படி சுற்றிப் போய் நின்றான். ஒரே குண்டு. பன்றி நின்ற இடத்திலேயே மடங்கியது. இரண்டாம் சத்தம் போடவில்லை.

வெள்ளாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பன்றியின் கண் திறந்தே இருந்தது. ஒரு காது பழைய குண்டில் கிழிந்து புழு வைத்திருந்தது. அதுவும் மாதையன் முன்பு குறி தப்பிச் சுட்டதுதான்.

"இத்தனை நாளா இந்தக் காதோடயா திரிஞ்சுது" என்றாள்.

மாதையன் வேறு பக்கம் பார்த்தான்.

அவள் ஒரு பிடி சாமைக்கதிரை உருவிக்கொண்டு வந்து அதன் வாயருகே வைத்தாள்.

*

பொழுது ஏறியதும் மாதையன் மலை உச்சிக்குப் போனான். போகும்போது வெள்ளாயி ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. நான் போய்விடுவேன் என்றும் சொல்லவில்லை. மூட்டை மூலையிலேயே இருந்தது.

"சாமி, குறி விழுந்துடுச்சு."

"எந்தக் குண்டு?"

"சடையன் தகட்டுல சீவின அதே குண்டுதான் சாமி. லொடலொடன்னு ஆடுச்சே, அது."

"இப்ப ஆடலையா?"

"துணி சுத்தியிருந்துச்சு."

"என்னா துணி?"

"தூளித்துணி. பழைய நூல்புடவை."

"யாரு கிழிச்சா?"

"வெள்ளாயி."

சாமி அடுப்பில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். கரண்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

"அவ இன்னிக்கு ஊருக்குப் போறதா இருந்துச்சில்ல?"

"ஆமாங்க."

"போறவ எதுக்குத் தூளியக் கிழிச்சா?"



"கேக்கல சாமி."

"இங்க ஏறி வர எவ்வளவு நேரம் ஆவுது உனக்கு?"

"வெயிலுக்கு முன்னாடி கெளம்பினா, வெயில் ஏறிடும்."

"திருகைக்கிட்ட போறதுக்கு?"

மாதையன் எழுந்தான். கும்பிடக்கூட மறந்து இறங்கினான்.

*

பாதி வழியில் எதிரே கரியான் வந்தான். வெள்ளாயியின் அண்ணன். தோளில் ஒரு துண்டு, கையில் ஓலைப்பொட்டலம். தனியாக வந்தான்.

"எங்க மாப்ளே, ஓட்டமும் நடையுமா?"

"மச்சான். வெள்ளாயி எங்க?"

"அவ எங்க வர்றா? கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி ஆள் அனுப்பினா. வந்தா, உக்காருன்னு சோறு போட்டா. கறி போட்டா. எழுந்திரி அண்ணா, நேரமாச்சுங்கறா. என்னைத் தொரத்துறா." பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். "தங்கச்சிய அழைச்சிட்டு வாடான்னா, அம்மாவுக்குப் பன்னிக்கறி கொண்டுக்கிட்டுப் போறேன். போய் என்னா சொல்றது?"

மாதையன் விலகி நடந்தான்.

"அடிச்சீங்களா அவள?" என்று பின்னாலிருந்து கேட்டான் கரியான்.

"இல்ல மச்சான்."

"பின்ன ஏன் இப்படி ஓடுறீங்க?"

*

குடிசையில் தூளி தொங்கியது.

கிழித்த ஓரத்தை மடித்துத் தைத்து, முன்னைவிடக் கொஞ்சம் கட்டையாக, அதே மூங்கிலில் கட்டியிருந்தாள். கூரை ஓட்டை வழியாக வந்த வெயில் தூளியின் மேல் வட்டமாகக் கிடந்தது.

வெள்ளாயி திருகையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கை கல்லைச் சுற்றியது. இடது கை பிடி பிடியாகத் தானியத்தைப் போட்டது. மாவு நான்கு பக்கமும் வழிந்து விழுந்தது.

மாதையன் செருப்பை வெளியே விட்டான். துப்பாக்கியைச் சுவரோரம் வைத்தான். அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான். சாமியின் முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான்.

வெள்ளாயிக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என்னாங்க, இப்படி வந்து உக்காந்துக்கிட்டீங்க? களி இன்னும் கிண்டல."

"களி இருக்கட்டும். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்டயா?"

"நீ போறதாத்தான இருந்த. அப்புறம் எதுக்கு அந்தத் துணியக் கிழிச்ச?"

கல் நின்றது.

அவள் மாவுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது அவளுக்கு. அவன் இதுவரைக்கும் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"அது வந்துங்க" என்று ஆரம்பித்தாள். "கல்லு ஒண்ணு, முளை ஒண்ணு. ரெண்டையும் எவ்வளவு சீவினாலும்…"

தூளி அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சிணுங்கல் வந்தது. பிறகு வாய்விட்டே கூப்பிட்டது.

"வர்றேன் சாமி, இதோ வந்துட்டேன்" என்று வெள்ளாயி எழுந்தாள். மாவை உதறினாள். தூளிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள், அவன் இன்னும் அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, போகிற போக்கிலேயே, "நீங்க தனியா இருப்பீங்களேன்னு நெனச்சப்ப, அந்தத் துணிய நான் மூட்டையிலருந்து எடுத்து நடுவுல வெச்சேங்க" என்று சொல்லிவிட்டுத் தூளிக்குள் கையை நீட்டினாள்.